அவர்கள் இன்று வந்தால் எதைக் காட்டுவோம்?



ஆகஸ்ட் 15 வந்துவிட்டால் போதும், பேச்சுப் போட்டிக்கு ஒரு தலைப்பு தயாராக இருக்கும். "காந்தி இன்று வந்தால்...", "நாட்டை உருவாக்கிய தலைவர்கள் இன்று திரும்பி வந்தால்..." பேசுகிறவர் மேடை ஏறுவார். "கண்ணீர் வடிப்பார்கள்! வெட்கித் தலை குனிவார்கள்!" என்று முழங்குவார். கைதட்டல் கிடைக்கும். எவர்சில்வர் டம்ளரோ, சோப்பு டப்பாவோ பரிசாகக் கிடைக்கும். அத்தோடு சரி. தலைவர்கள் மறுபடி படச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள், அடுத்த ஆகஸ்ட் வரைக்கும்.

அந்தக் கண்ணீரில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அழுவதற்கு அவர்களை வரவழைத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்கிறோம், அவ்வளவுதான். நம் ஒர்க்ஷாப்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முடித்த ஜாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் அழுவதும் இல்லை, சிரிப்பதும் இல்லை. டிராயிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெர்னியரை எடுத்து அளப்பார். எங்கே சரி, எங்கே எத்தனை மில்லிமீட்டர் தப்பு என்று சொல்லிவிடுவார். தேசத்துக்கும் ஒரு டிராயிங் இருக்கிறது. 1949 நவம்பர் 26ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டம்தான் அது. அதை வைத்து நம் சேலம், நாமக்கல் சீமையை ஒரு தடவை அளந்து பார்ப்போமே!

திரும்பி வரத் தேவையில்லை, இங்கேயே இருந்தார்

"இன்று வந்து பார்த்தால்" என்று கேட்கிறோமே, நம் பக்கத்தில் ஒருவர் அப்படி வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. திருச்செங்கோடு டி.எம். காளியண்ணன். 1921 ஜனவரி 10இல் பிறந்தவர். ஜமீன் குடும்பம். இருபத்தெட்டு வயது முடிவதற்குள் அரசியல் நிர்ணய சபைக்குள் போய்விட்டார். அடுத்து இடைக்கால நாடாளுமன்றம், 1952இல் ராசிபுரம் சட்டமன்ற உறுப்பினர், பிறகு திருச்செங்கோடு. சேலம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம் திறக்க ஓடியாடி உழைத்தவர். அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அவர் காலமானது 2021 மே 28இல், நூறு வயது தாண்டி. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களில் கடைசிவரை உயிரோடு இருந்தவர் என்று அன்று பத்திரிகைகள் எழுதின.

யோசித்துப் பாருங்கள். அம்பேத்கர் பேச, நேரு பேச அதே சபையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், செல்போனையும் பார்த்தார், பைபாஸ் ரோட்டையும் பார்த்தார், டாஸ்மாக்கையும் பார்த்தார், நம் ஊர்ப் பிள்ளைகள் அமெரிக்கா போவதையும் பார்த்தார். நாட்டை உருவாக்கிய தலைமுறை வேறு ஏதோ யுகத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறோம். நம் பஸ் ரூட்டிலேயே இருந்திருக்கிறது! நம் கல்லூரியில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கேட்டுப் பாருங்கள், பதில் உங்களுக்கே கிடைக்கும்.

ஒரே வீடு, பல கொடி

இன்னொரு விஷயம். "தலைவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று கேட்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி இல்லவே இல்லைங்க.

திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பிறகு காங்கிரசில் சேர்ந்தார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அவர் மகன்களில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். இன்னொரு மகன் மோகன் கம்யூனிஸ்ட் ஆனார், பிறகு காங்கிரசுக்கு வந்து மத்திய மந்திரி ஆனார். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எத்தனை கட்சி பாருங்கள்!

சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917இல் முனிசிபல் சேர்மன் ஆன ராஜாஜி, சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் வரை உயர்ந்தவர். அவர் 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ஏற்கவில்லை. 1959இல் நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்து சுதந்திராக் கட்சியே தொடங்கினார். 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியார், காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவர் அல்ல. சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள், மறுபடி பேசினார்கள். ஆகவே "அவர்கள் என்ன சொல்வார்கள்" என்றால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்தது ஒன்று உண்டு. அதைத்தான் நாம் அளவுகோலாக எடுக்கலாம்.

முதலில் வரவுக் கணக்கு

குறை மட்டும் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. வரவையும் எழுத வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு என்பது சொத்து, வரி, படிப்பு என்ற வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான். அந்த வேலியை ஒரே வெட்டாக வெட்டினார்கள். 21 வயது ஆன அனைவருக்கும் ஓட்டு! அப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். "கைநாட்டுகளுக்கு ஓட்டா?" என்று சிரித்தவர்கள் உண்டு. அமெரிக்கா 1776இல் விடுதலை அறிவித்தது, அங்கே நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1920இல். நம் அம்மாக்களும் பாட்டிகளும் முதல் பொதுத் தேர்தலிலேயே வரிசையில் நின்றார்கள்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் நம் சேலம், திருச்சி ஜில்லாக்காரர்கள் ஏராளம். 1948இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருஷமே ஓட்டுரிமையும் போயிற்று. அதே காலத்தில் இங்கே சேந்தமங்கலத்துக் கூலிக்காரருக்கும் டெல்லிக் கோடீஸ்வரருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எழுதினார்கள். 1951-52இல் ஏறக்குறைய 17 கோடி வாக்காளர்கள், 2024இல் ஏறக்குறைய 97 கோடி. எத்தனையோ ஆட்சிகள் மாறின, ஓட்டுப் பெட்டியால் மாறின. இது சின்ன வரவு இல்லை.

அன்று சராசரி ஆயுள் முப்பத்திச் சொச்சம் வயது. இன்று எழுபதைத் தொட்டுவிட்டது. பஞ்சத்துக்குப் பேர் போன வறட்சிச் சீமை நம்முடையது. இன்று நாமக்கல் முட்டை சத்துணவுக் குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது, நாமக்கல் லாரி காஷ்மீர் வரை போகிறது, திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாட்டுப் பாறையைத் துளைக்கிறது. இவையெல்லாம் யாரோ பெரிய முதலாளி வந்து கொடுத்தது அல்ல. மானாவாரி நிலம் கைவிட்டபோது நம்மவர்கள் கையால் செய்துகொண்டது.

ஒர்க்ஷாப்பில் உடைந்த விதி

பாலிடெக்னிக் மாணவர்களாகிய நமக்கு இன்னொரு வரவு உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்வது. கைத்தொழிலுக்கு மரியாதை என்பது அவர் தரப்பு வாதம். "குலக் கல்வி" என்று பெரியார் முதல் பலரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜ் முதலமைச்சர் ஆனதும் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. சாட்சி வேண்டுமா? நம் ஒர்க்ஷாப்புக்கு வாருங்கள். நெசவாளி மகன் லேத்தில் நிற்கிறான். ஆடு மேய்த்தவர் மகள் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் சாலிடரிங் வைக்கிறாள். செருப்புத் தைத்தவர் பேரன் சிவில் டிராயிங் போடுகிறான். மிராசுதார் வீட்டுப் பையன் கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு இன்ஜினைக் கழற்றுகிறான். கைத்தொழிலுக்கு மரியாதையும் கிடைத்தது, அப்பன் தொழில்தான் மகனுக்கு என்ற விதியும் உடைந்தது. ராஜாஜி வந்து பார்த்தால் ஒப்புக்கொள்வாரோ, வாதம் செய்வாரோ தெரியாது. ஆனால் பார்க்க வேண்டிய இடம் இது.

தலைவர்களைக் கும்பிடுவதும் அளப்பதும் வேறு வேறு என்பதற்காகவே இதைச் சொன்னேன். 1949 நவம்பர் 25இல் அம்பேத்கர் சபையில் பேசிய கடைசிப் பேச்சில் இதைத்தானே எச்சரித்தார்? அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றார். இன்று நம் ஊர் பிளக்ஸ் பேனர்களை அவர் பார்த்தால்... சரி, அடுத்த கணக்குக்குப் போவோம்.

சாராயக் கணக்கு

1937 அக்டோபர் 1. முதன்மை மந்திரியாக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைத் தொடங்கியது எங்கே? நம் சேலம் ஜில்லாவில்! அதற்கு முன் பல வருஷம் திருச்செங்கோடு வட்டம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, ஊர் ஊராகக் குடிக்கு எதிராகப் பேசியவர். அங்கிருந்துதான் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். கள்ளுக்கடை வருமானம் போய்விட்டதே என்று கஜானா அழுதபோது, 1939இல் விற்பனை வரி போட்டார்கள். குடியை நிறுத்தியதற்கு ஈடாக வந்த வரி அது.

இன்று? 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது. பிறகு மூடியும் திறந்தும் பல தடவை. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். குடிக்கு மாற்றாக வந்த வரியும் நின்றபாடில்லை, குடியும் நின்றபாடில்லை. இரண்டும் சேர்ந்து கல்லாவில் விழுகின்றன! அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவை ஒழிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. டிராயிங்கில் ஒரு அளவு, ஜாப்பில் வேறு அளவு.

"மூடிவிட்டால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பார்கள். கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் பக்கத்து கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்களே! உயிருக்குப் போராடியவர்களில் பலரைக் கொண்டுவந்து சேர்த்தது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில். சுப்பராயன் மகன் பெயரைத் தாங்கிய கட்டடத்தில். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ராஜாஜியும் சட்டத்தை மட்டும் நம்பவில்லை. ஆசிரமத்தில் நூற்க வேலை கொடுத்தார். 1938இல் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். குடிக்கிறவனின் கடனையும் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். நாமோ கடையை மட்டும் பார்க்கிறோம். வேண்டும் என்கிற கட்சி, வேண்டாம் என்கிற கட்சி. குடிக்கிறவன் வீட்டு அடுப்பை யாரும் பார்ப்பதில்லை.

புதுப்பாளையமும் தண்டவாளமும்

இப்போது சொல்லப்போவது கசக்கும். ஆனாலும் நம் ஊர்க் கதை, நாமே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

1925இல் புதுப்பாளையம் ஆசிரமம் தொடங்கியபோது தாழ்த்தப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே கூரை, ஒரே பந்தி. சுற்று ஊர்கள் முகம் சுளித்தன, ஒதுக்கி வைத்தன. ஆசிரமம் பணியவில்லை. 1948 நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை நிறைவேற்றியது. இன்று அது 17ஆவது பிரிவு.

2015 ஜூன். அதே திருச்செங்கோடு. ஓமலூர்ப் பக்கத்து தலித் இளைஞர் ஒருவர், பொறியியல் படித்தவர், நம்மைப் போல டிராயிங் ஷீட் தூக்கியவர், மலைக்கோயிலுக்கு ஒரு தோழியோடு வந்தார். இருவரும் வேறு வேறு சாதி. அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கான தண்டனையை உறுதி செய்தது.

நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. டிராயிங் போட்டவர்கள் நீதிமன்றத்தை வலுவாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கோயில் படியில் ஒரு ஆணும் பெண்ணும் நின்று பேசினால் "நீ என்ன சாதி?" என்று கேட்கத் துணிந்த கூட்டம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஆதரவாகச் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்த பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? நம்மோடு படித்தவர்கள்தான், நம் வயதுக்காரர்கள்தான். அரசியல் சட்ட முகப்புரையில் சுதந்திரம், சமத்துவம் என்பதோடு சகோதரத்துவம் என்றும் ஒரு சொல் இருக்கிறது. முதல் இரண்டையும் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். மூன்றாவதை எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியாது. அதை ஹாஸ்டல் அறையிலும் மெஸ் பெஞ்சிலும்தான் உண்டாக்க வேண்டும்.

பெண் பிள்ளை விஷயமும் இதோடு சேர்ந்ததே. பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் என்ற பழி நம் சேலத்துக்கு உண்டு. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்க வேண்டி வந்தது. இன்று நம் வகுப்பில் நம்மைவிட அதிக மார்க் வாங்கும் தோழியரைப் பார்க்கும்போது, உயிர் பிழைக்காத அவர்கள் அக்காமார்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுக்கு வந்த விலை

வரவில் முதலில் எழுதிய ஓட்டையே செலவிலும் எழுத வேண்டியிருக்கிறது. 2016இல் காவிரிக்கு அக்கரையில் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும் தேர்தலையே நிறுத்தினார்கள். காரணம், பணப் பட்டுவாடா. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் அதே காரணத்தால் நின்றது. "வாங்கினால் என்னங்க, நம் பணம்தானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஐந்நூறு ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு முப்பது பைசாகூட வரவில்லை. கணக்கு பாடம் படித்த நாமே இந்த விலைக்குச் சம்மதிக்கலாமா? கைநாட்டு வைத்த நம் பாட்டிகளை நம்பி ஓட்டுக் கொடுத்தார்கள். பாட்டிகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். டிப்ளமோ வாங்கப்போகிற நாம்?

எதைக் காட்டுவோம்?

ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, பத்து வருஷத்துக்குள் கொடுக்க முயல வேண்டும் என்று 45ஆவது பிரிவில் எழுதினார்கள். அதாவது 1960க்குள். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். பத்து வருஷ வேலைக்கு அறுபது வருஷம்! இதற்குக் காந்தியா காரணம், நேருவா காரணம்? டிராயிங் சரியாக இருந்தது. ஜாப் தாமதம். சில இடங்களில் டிராயிங்கையே திருத்த வேண்டியிருந்தது. நூறு தடவைக்கு மேல் திருத்தியும் இருக்கிறோம். அதற்கும் அவர்களே வழி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆகவே நண்பர்களே, "அவர்கள் வந்தால் என்ன சொல்வார்கள்" என்ற தலைப்பை இந்த வருஷத்தோடு மூட்டை கட்டி வைப்போம். "அவர்கள் வந்தால் நாம் எதைக் காட்டுவோம்" என்று மாற்றுவோம். காட்டுவதற்கு நம் கைக்கு எட்டிய வேலைகளே போதும்:

நம் மாணவர் பேரவைத் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்பவரைத் தோற்கடிப்போம். ஹாஸ்டல் மெஸ்ஸில் "நம்ம ஆளுங்க பெஞ்ச்" என்று ஒன்று இருந்தால் அதில் போய் நாமே மாறி உட்காருவோம். பதினெட்டு வயது முடிந்ததும் பட்டியலில் பெயர் சேர்ப்போம். வீட்டு வாசலுக்கு வரும் கவரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வீட்டாரிடம் பேசுவோம், அப்பாவோடு கொஞ்சம் மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. பாஸ் பண்ணியதற்கும் வேலை கிடைத்ததற்கும் பாட்டில் உடைத்துத்தான் கொண்டாட வேண்டும் என்ற வழக்கத்தை நம் பேட்சோடு நிறுத்துவோம்.

இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. சிறைக்குப் போகச் சொல்லவில்லை, செக்கிழுக்கச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதுகூட முடியாமல் நம் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் நாட்டுக்குச் சட்டம் எழுதும் சபையில் போய் உட்கார்ந்தார். அவரைவிடப் பத்து வயதுதான் நமக்குக் குறைவு. இதையாவது செய்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை